ஓரம் பிளக்காத தகடு

எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உலோகம் உருட்டும் இயந்திரம் றலியாவின் பொறுப்பு. பதினோரு வருடமாக அலவத்துகொடயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். எழுதுவினைஞனான என்னை அதன் கிட்டேகூட விடமாட்டார்.

கலாநிதி கிருஷாந்தன் மக்னீசியத்தில் லித்தியம் கலந்து வார்த்த ஆறு கட்டிகளைக் கொண்டுவந்தார். கையில் எடுத்தால் பாரமே தெரியாது. ஆனால் பலமும் போதாது. உலையில் சூடாக்கி, இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தகடாக்கினால் பலம் ஏறும் என்பது அவர் கணக்கு. ஐந்தை உருட்டியதில் நான்கு ஓரமெல்லாம் பிளந்துவிட்டன. பழி றலியாவின் தலையில் விழுந்தது. இயந்திரத்துக்கு வேறு ஆள் போடும் கடிதத்தை நிர்வாகத்தில் என்னிடமே தட்டச்சு செய்யச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவராவது அந்த உருளையை ஒரு நாள் துடைத்திருப்பாரா? எனக்கு ஆத்திரமாக வந்தது. றலியா, ஒவ்வொரு உருட்டலையும் நேரத்தோடு குறித்துவைக்கும் தன் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பிளக்காத அந்த ஒன்றை அதிர்ஷ்டம் என்று விட்டிருந்தோம். கொப்பியின்படி அது மட்டும் பின்னேரம் உருட்டியது, மாணவர்கள் சூடான அலுமினியம் உருட்டி முடித்த உடனே. மற்ற நான்கும் காலையில். மக்னீசியம் தீப்பிடித்தால் புகை வெளியே போகட்டும் என்று விடிந்ததும் ஜன்னல்களைத் திறந்து ஃபேனையும் போட்டுவிடுவோம். கண்டியின் மார்கழிக் குளிர் நேரே உருளைகளில் அடிக்கும்.

கடைசிக் கட்டியோடு வந்த கிருஷாந்தனிடம் றலியா கொப்பியை நீட்டினார்.

"சேர், கட்டிய மட்டும் சூடாக்கினா போதாது. உருளை ஐஸா ஈக்குது. பட்டதும் ஓரம் குளிர்ந்து பிளக்குது."

அவர் இரண்டு தரம் வாசித்தார். "ஓம், நான் உலைய மட்டும்தான் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

அன்று ஃபேனை நிறுத்தி, குளிர் அடிக்கும் ஜன்னலைச் சாத்தி, தீக்கு மணல் வாளிகளைக் கிட்டே வைத்தோம். றலியா சூடாக்கிய பழைய அலுமினியத் தகடுகளை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப ஓட்டி உருளைகளைச் சூடேற்றினார். பிறகுதான் கட்டியை விட்டார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக நசுக்கி, மறுபடி உலையில் வைத்து எடுத்தார். பதினான்காவது தடவை வெளியே வந்த தகட்டின் ஓரத்தைத் தடவிப் பார்க்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

இழுத்துச் சோதித்தபோது வார்த்த கட்டியைவிட ஒன்றரை மடங்கு பலம் காட்டியது. நான் மேசையில் அடித்துச் சத்தம் போட்டேன், வெட்கமே இல்லாமல்.

தன் கையெழுத்துக்குக் காத்திருந்த அந்தக் கடிதத்தைக் கிருஷாந்தன் என்னிடம் கேட்டு வாங்கினார். அதன் பின்பக்கத்தில், றலியா சொல்லச் சொல்ல, செய்முறையை எழுதினார். முதல் வரி: உருளையைச் சூடாக்கவும்.