சகலையின் ஏசி காரும் என் வைப்பர் ரப்பரும்

காலை பத்து மணிக்குக் குடிபாலாவிலிருந்து இரண்டு வண்டிகள் திருப்பதிக்குப் புறப்பட்டன. முன்னால் போனது என் சகலை முனிரத்தினத்தின் புது வெள்ளைக் கார். பின்னால், நான் வாடகைக்கு ஓட்டும் பழைய அம்பாசிடர். முனிரத்தினம் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். குவைத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தான். அவன் குழந்தைக்குத் திருமலையில் மொட்டை. அவன் காரில் ஏசி இருந்ததால் என் மனைவி செல்வியும் அதில்தான் ஏறினாள். என் வண்டியில் புளிசாத அண்டாவும் ஜமக்காளமும் ஏறின.

எனக்கு வயிறு எரிந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சித்தூர் வரைக்கும் உள்ளே பாட்டுப் போட்டுக்கொண்டு போனான்.

எனக்கென்று இருந்த ஒரே பெருமை என் வைப்பர். ரப்பர் கிழிந்தால் ஒழிய நான் புதிது வாங்குவதில்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால், கறுப்பு வருவது நிற்கும்வரை விளிம்பைத் துடைப்பேன். சொரசொரப்பாகியிருந்தால் மிக நைசான உப்புத்தாளை ஈரமாக்கி ஒரே பக்கமாக லேசாக இழுப்பேன். வெயிலில் நிறுத்தும்போது இரண்டு வைப்பரையும் கண்ணாடியில் படாமல் தூக்கிவைப்பேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் "வண்டிக்குக் கொம்பு மொளச்சிடுச்சி" என்று செல்வி சிரிப்பாள்.

சித்தூரைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம். அங்கே பிள்ளையார் முன்னால் யாரும் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார்கள். ஊர் வழக்குகள்கூட அங்கே வந்துதான் தீரும். புது வண்டிக்குப் பூஜை போடவும் அங்கேதான் வருவார்கள். அர்ச்சகர் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, முனிரத்தினத்தின் கார் முன்கண்ணாடியில் பெரிதாக ஸ்வஸ்திக் போட்டார். அது வழிந்து வைப்பர் மேலேயே இறங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மதியம் மூன்று மணி. பாகாலாவில் இரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. சந்திரகிரிப் பக்கத்து மலைகள் மறைந்தன. என் வைப்பர் இரண்டும் கண்ணாடியை வழித்துவிட்டது மாதிரி துடைத்தன. முன்னால் அவன் கார் பாம்பு மாதிரி நெளிந்தது. உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. மழைக்குப் பயந்து செல்வி என் வண்டிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

எதிரே ஒரு லாரி ஹாரன் அலறியது. அவன் கார் புளியமரத்துப் பக்கம் ஒதுங்கி, மயிரிழையில் தப்பியது. அப்போதுதான் உறைத்தது, அந்தக் காருக்குள் இருப்பவள் என் பெண்டாட்டி. முந்திப் போய் மறித்து நிறுத்தினேன்.

"அண்ணா, புது வண்டிக்கே வைப்பர் வேல செய்ல பாரு" என்றான் முனிரத்தினம்.

"வைப்பர் நல்லாத்தான் கீது. கண்ணாடி பூரா எண்ணெய்."

"சாமி குங்குமம்ணா. தொடக்கலாமா?"

"தொடச்சிக்கோன்னுதான் சாமியே மழைய அனுப்பிக்கிது."

நனைந்துகொண்டே சோப்புத் தூள் போட்டுக் கண்ணாடியையும் ரப்பரையும் துடைத்தேன். அவன் குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டான். வெயிலில் தூக்கிவைக்கும் வித்தையையும் சொல்லித் தொலைத்தேன். பிறகு செல்வியிடம், "வா, நம்ம வண்டில போலாம்" என்றேன்.

"இப்பதான் நல்லா தெரியுதே. எறங்குனா நனைஞ்சிடுவேன், நீ போ."

நான் துடைத்துக் கொடுத்த கண்ணாடி வழியாக மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டே அவள் திருப்பதி போய்ச் சேர்ந்தாள். நான் ஈரச் சட்டையோடு அண்டாவுக்குத் துணையாகப் போனேன்.

மறுநாள் விடியற்காலையில் பஸ்ஸில் மலையேறினோம். மொட்டை, தரிசனம், லட்டு எல்லாம் முடித்துக் கீழே இறங்கும்போது மணி இரண்டு. முந்தின நாள் மழை பெய்த ஊர் என்று சொல்ல முடியாத வெயில். வண்டிகள் நின்ற இடத்தில் என் வைப்பர்கள் தூக்கியிருந்தன. பக்கத்தில், வெள்ளைக் காரின் வைப்பர்களும் தூக்கியிருந்தன.

"பாத்தியா, வெயில்ல ரப்பர் வேகாம எப்டி பதவிசா வெச்சிக்கிறாரு! குவைத்துல எல்லாரும் இப்டித்தான் வெப்பாங்களாம்" என்றாள் செல்வி. என் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அட, நீ வெக்கிற கொம்பும் அவரு சொல்லிக் குடுத்ததுதானா?"

முனிரத்தினம் ஏற்கெனவே மூடியிருந்த டிக்கியை இன்னொரு தடவை மூடினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போறப்போ காணிப்பாக்கத்துல நிறுத்தலாம். யார் யாருக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு பிள்ளையார் முன்னால சத்தியம் பண்ணிடலாம்" என்றேன். அவன் முகம் சுருங்கியது.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் செல்வி. "எனக்கும் ஒண்ணு கேக்கணும். அய்யரு எண்ணெய் தடவுறப்போ நீ அங்கதானே நின்னுக்கினு இருந்தே? மழ வந்தா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா?"

நான் வைப்பர்களை இறக்கிவிட்டு வண்டியில் ஏறினேன். அவள் ஏசி காரில் ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் காணிப்பாக்கம் திருப்பம் வந்தது. முன்னால் போன கார் வேகம் குறையாமல் போனது. நானும் நிறுத்தவில்லை.