சாம்பல் நிறக் கதவு

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். சம்பந்தி வீட்டார் படித்தால் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம்தான். நேற்று பூஜை முடித்து எழுந்தபோது, இனியும் மறைப்பது நன்றிகெட்டதனம் என்று பட்டது.

எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம். மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. கல்யாணம் நடக்கும் முருகன் கோயிலுக்கு எங்கள் பழைய காரில்தான் போவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வாடகை காருக்கு அவள் ஒப்பவில்லை. காரோ நிறம் வெளுத்து நின்றது. நானே பெயிண்ட் அடித்துவிடுவது என்று தேய்த்து, அடிப்பூச்சாகச் சாம்பல் நிற ப்ரைமர் பூசி, தெரிந்தவரிடம் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரசர் ஒன்றையும் வாங்கி வைத்தேன். ஸ்ப்ரே கன் மட்டும் பாக்கி.

குன்னூரில் ஒரு பெயிண்ட் கடை. நடத்துவது ஒரு அம்மா. மகள் கல்யாணக் காருக்கு என்று சொல்லி, இருப்பதிலேயே பெரிய கன்னைக் கையில் எடுத்தேன்.

“ஏனுங்க, கம்ப்ரசர் எத்தனை லிட்டருங்க?”

“இருபத்தஞ்சுங்க.”

“அதுக்கு இந்தக் கன்னைக் குடுத்தா பாதிக் கதவுலயே மூச்சு வாங்குமுங்க. மேல கப்பு வெச்ச இந்தச் சின்னது போதும். காத்தும் கம்மியா கேக்கும், பெயிண்டும் வீணாகாது. எங்க வெச்சு அடிக்கப் போறீங்க?”

“ஊட்டு ஷெட்லதானுங்க. மஞ்சு உள்ள வராம கதவைச் சாத்திக்குவேன்.”

“ஈரத்துல பெயிண்ட் வெளுத்துப் போயிருமேங்க?”

“அதுக்குத்தான் கணப்புச் சட்டி வெச்சுக்குவனே,” என்றேன் பெருமையாக. எங்கள் மலையில் ஈரம் என்றால் எல்லாவற்றுக்கும் அந்தக் கரி நெருப்புதான். துணி காயாவிட்டாலும் அதுதான், பிள்ளையைக் குளிப்பாட்டினாலும் அதுதான்.

அந்த அம்மா என் கையிலிருந்த கன்னைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்தார்.

“உங்களுக்குக் கன் இல்லீங்க.”

“காசு தர்றனுங்க, சும்மாவா கேக்கறேன்?”

“பெயிண்டுல கலக்கற தின்னர் ஆவியா ஷெட்டு முழுக்க நிக்கும். அது நெருப்பைத் தொட்டா காரும் இல்ல, ஊடும் இல்ல. பொண்ணு கல்யாணத்துல தாரை வாக்க அப்பன் வேண்டாமா? உங்க ஊட்டம்மா நம்பரைச் சொல்லுங்க.”

அங்கேயே என் மனைவியிடம் பேசிவிட்டார். போனுக்கு வெளியிலேயே அவள் குரல் கேட்டது: “சட்டியை நான் பூட்டி வெக்கறேனுங்க. நீங்க அவரைக் கொஞ்சம் திட்டி வையுங்க.”

அதன்பிறகே சின்னக் கன்னையும், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டரையும், முகமூடியையும் தந்தார். கதவை அகலத் திறந்து வைத்து, வெயில் அடிக்கும் நாளில் மட்டும் அடிக்கவேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது என்று என்னையே இரண்டு முறை சொல்ல வைத்துத்தான் பில் போட்டார்.

வெயில் இரண்டு நாள்தான் வந்தது. அந்தக் கன் சொன்னபடி கேட்டது. பனிபோல மெல்லிசாகப் படிந்த நீலத்தைப் பார்த்து நானே கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு மஞ்சு இறங்கிவிட்டது. பின்பக்கத்து இடது கதவு ப்ரைமர் சாம்பலோடே நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கூட என் கண் கணப்புச் சட்டியைத் தேடியது. சாவி மனைவியின் இடுப்பில்.

“அந்தக் கதவோரமா நானே உக்காந்துக்கறேம்ப்பா. மாலையைச் சன்னல் வழியா வெளிய தொங்க விட்டா மறைச்சுக்கும்,” என்றாள் மகள்.

கல்யாணத்துக்குக் கடைக்கார அம்மாவையும் அழைத்திருந்தோம். கோயில் வாசலில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கதவைத் தடவிப் பார்த்தார். “இதுதானுங்க எனக்குப் பிடிச்ச கதவு,” என்றார். முருகன் அன்று எந்த உருவில் கடையில் நின்றான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டில் பெயிண்ட் அடிக்கப்போகும் யாருக்காவது இதைச் சொல்லுங்கள். ஆனால் என்னை விவரமானவனாக மாற்றிச் சொல்லவேண்டாம். நெருப்பு வைக்க நினைத்தவன் நான். தடுத்தவர் அவர். அப்படியே இருக்கட்டும்.