லீக்ஸ் பாத்தியில் கிடைத்த ரோமக் காசு

தேய்ந்துபோன ரோமக் காசைப் பார்த்து இன்னதென்று கண்டுபிடிப்பது என் கிறுக்கு. இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் உனக்கு இது எதற்கு என்று கேட்காத வாய் இல்லை. அதே வாய்கள்தான் போன மாசியில் என்னைத் தேடி வந்தன.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் புருஷனை இழந்த அக்கா ஒருவர் இருக்கிறார். பின்பக்கத்துத் துண்டு நிலத்தில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் போட்டு விற்றுத்தான் சாப்பாடு. அதன் மூலையைக் கொத்தும்போது மம்பட்டியில் ஒரு செப்புக்காசு தட்டுப்பட்டது, பெருவிரல் நகத்தளவு. என்னிடம் கொண்டுவந்திருக்கலாம். பயபக்தியோடு கோயில் கமிட்டித் தலைவரிடம் கொடுத்துவிட்டார்.

தலைவருக்குக் காசில் வேல் தெரிந்ததாம். வேலுக்கு இரண்டு பக்கமும் வள்ளி, தெய்வானையாம். அப்புறம் என்ன, கிடைத்த இடத்திலேயே முருகன் கோயில் கட்டுவதென்று கமிட்டி முடிவெடுத்துவிட்டது. லீக்ஸ் பாத்தியும் போகும், அதை ஒட்டி அக்கா சமைக்கும் குசினியும் போகும். அக்கா என் வாசலில் வந்து அழுதார்.

"சாமி கேக்குறப்ப எப்படிங்க டீச்சர் இல்லேங்கிறது?"

"சாமி எங்கக்கா கேட்டுச்சு? இந்த ஆளுல்ல கேக்குறாரு!" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். காசு ரொம்பப் பழசு என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், அதற்குத்தான் அழைப்பு. பித்தளைத் தட்டில், வெற்றிலைமேல், குங்குமத்தோடு காசு பளபளத்தது. எனக்குத் திக்கென்றது.

"என்னங்க பண்ணுனீங்க இத?"

"புளியும் சாம்பலும் போட்டு வெளக்குனோம் டீச்சர். அழுக்கோட எப்படிச் சாமி முன்னால வைக்கிறது?" என்றார் தலைவர்.

அடப்பாவிகளா! தேய்ந்த காசில் மிச்சமிருக்கும் எழுத்தைக் காப்பதே மேலே படிந்த அந்தப் பச்சைக் களிம்புதான். இத்தனை நூற்றாண்டு மண்ணில் தாக்குப்பிடித்ததை எலுமிச்சங்காய் அளவு புளி தின்றுவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன்.

எழுத்து போனாலும் மேடுபள்ளம் கொஞ்சம் இருந்தது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நிழல் விழுந்ததும் உருவம் எழுந்தது. வேல் என்றது கொடி கட்டிய கம்பு. இரண்டு பக்கமும் ரோமச் சிப்பாய்கள், கையில் ஈட்டி, தலையில் இரும்புத் தொப்பி.

"தலைவரே, வள்ளி எப்பங்க ஹெல்மெட் போட்டாங்க?"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. தலைவர் அசருகிற ஆளா? "அப்ப ரோம ராசா நம்ம தோட்டத்துக்கு வந்திருக்காரு! கோயிலோட ஒரு மியூசியமும் கட்டுவோம்!" என்றார். கைதட்டல் வேறு. முருகன் போய் ராஜா வந்தாலும் இடிவது அக்காவின் குசினிதான். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

காசின் உச்சியில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் மேல்விளிம்பு கயிறு அறுத்து நீண்டிருந்தது. கைமாறிய காசு இரண்டு பக்கமும் தேயும். இதில் ராஜா தலை இருந்த பக்கம் மட்டும் வழவழவென்று மழுங்கியிருந்தது. தோலில் கிடந்து உரசிய தேய்மானம்.

"இது புள்ள அரைஞாண் கயித்துல கட்டுன காசுங்க," என்றேன். "கரூர்ப் பக்கம் ஆத்து மணல்ல, அந்தக் காலத்து ரோம யாவாரத்துல வந்த இப்படிக் காசு கெடைக்கும். அங்கேருந்து தேயிலைக்கு வந்த நம்ம சனம்தான் யாரோ, காத்து கருப்பு அண்டாம இருக்க, புள்ளைக்குக் கட்டிக் கொண்டாந்திருக்காங்க. ராசா எவனும் வரல. நம்ம புள்ளதான் வந்துச்சு."

யாராவது கண்கலங்குவார்கள் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். தலைவர் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"அட, தோட்டத்து ஆளுங்க காசா? இதுக்கா இவ்வளவு நேரம்!"

கூட்டம் கலைந்தது. கோயில் பேச்சும் அதோடு படுத்துவிட்டது. கண்ணால் காணாத ராஜாவுக்கு மியூசியம் கட்ட எழுந்த கூட்டம், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கும்பிடு போடவில்லை. தூ!

அக்கா மட்டும் போகவில்லை. குங்குமத்தைத் துடைத்துக் காசைக் கையில் எடுத்தார். நிலம் தப்பிய சந்தோஷம் முகத்தில் இல்லை.

"கயிறு தானா அறுந்து விழுந்துச்சா டீச்சர்? இல்ல, புள்ள செத்து, பொதைக்கிறப்ப அறுத்துப் போட்டாங்களா?"

"அது காசுல தெரியாதுக்கா," என்றேன்.

மறுநாள் காலையில் அக்கா லீக்ஸ் நட்டார். காசு கிடைத்த மூலையை மட்டும் கொத்தாமல் விட்டுவிட்டார்.