சாயங்கால ஷிப்டில் ஓர் இடம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். கல்லூரி என்று ஒன்றுக்குள் நான் இருந்தது ஒரே ஒரு பகல், அதிலும் பாதி மரத்தடியில். அப்படிப்பட்டவள் கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்பதைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் தைரியம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. சாமையும் மரவள்ளியும் போடுவோம். காட்டில் வேலை இல்லாத மாதங்களில் கர்நாடகத்துக் காபித் தோட்டங்களுக்குப் போவோம். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் மட்டும் போயிருந்தார். மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்காக நான் ஊரில் தங்கிவிட்டேன்.

ஒரே மகள். மலைமேல் இருக்கும் அரசுப் பள்ளிக்கு நடந்தே போய்ப் படித்தாள். அவளுக்குக் கணக்கு என்றால் சோறு வேண்டாம். களை எடுக்கும்போதும் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். திடீரென்று களைக்கொத்தைப் போட்டுவிட்டுத் தனியாகச் சிரிப்பாள். விடை வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துக் காட்டுப் பெண்கள், "உம் பொண்ணுக்கு இன்னாடி புடிச்சிகினு இருக்குது, பூசாரிகிட்ட காட்டு" என்று கேலி செய்வார்கள்.

"படிச்சி இன்னாடி ஆகப்போற?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"அது தெரியாதும்மா. பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தது வாசப்படிதானாம். உள்ள இன்னும் நெறய இருக்குதாம். போய்ப் பாக்கணும்" என்றாள்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து கலந்தாய்வுக்குக் கூப்பிட்டார்கள். மதிப்பெண் வரிசைப்படி பெயரைக் கூப்பிடுவார்கள். உள்ளே போய், மிச்சம் இருக்கும் பாடங்களில் நமக்கு வேண்டியதைச் சொல்லி இடம் வாங்கிக்கொள்ள வேண்டும். என் மகளின் பெயர் வரிசையில் மேலேதான் இருந்தது. கணக்கு கிடைத்துவிடும் என்று அவளுடைய வாத்தியார் சொல்லியிருந்தார்.

முதல் பஸ்ஸுக்கே நின்றோம். பஸ்ஸும் வந்தது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றிருந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "அவசரம்னு இருக்கறவங்க உருண்டுகூட போலாம், நான் தடுக்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியை ஓரம் தள்ளி வழி விட வெகுநேரம் ஆனது. அவளுடைய பெயரைக் கூப்பிட்டபோது நாங்கள் வடக்கனந்தல் பக்கம் வந்துகொண்டிருந்தோம். இதையும் பிற்பாடு அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள்.

கல்லூரி வாசலில் ஒரே கூட்டம். பிள்ளைகளைவிட அப்பா அம்மாக்கள்தான் அதிகம். வேப்பமரத்தடியில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வடக்கனந்தலில் சொந்தக் கரும்பு, சொந்த மாடுகள் என்று கேட்காமலே எல்லாம் சொன்னார். அவருடைய பெண்ணுக்கு அப்போதுதான் கணக்கில் இடம் கிடைத்திருந்தது.

"நீங்க எந்த ஊருக்கா?"

சொன்னேன்.

"அம்மாடி, மேலருந்தா? தேனு கீனு கொண்டாரலியா?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்து என் மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு யோசனை சொல்வதற்கென்று வராந்தாவில் ஒரு மேசை போட்டு ஒரு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். மார்க்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ்ளோ மார்க்க வச்சிகினு இப்பதான் வரீங்களா? காலைலயே ஒம்பேர கூப்ட்டாங்களேம்மா."

"பஸ்ஸு நின்னுபோச்சிங்க மேடம்" என்றாள் மகள்.

அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "காலை ஷிப்ட்ல கணக்கு முடிஞ்சிபோச்சி. சாயங்கால ஷிப்ட்ல இன்னும் ஒரு எடம் இருக்குது. ஒன்ன மாதிரி பொண்ணு அத வுடக்கூடாது. காலைலதான் வேணும்னா வரலாறு இருக்குது."

மகளின் முகம் மலர்ந்தது. நான் பார்த்தேன். உடனே அவள் கேட்டது வேறு. "சாயங்கால ஷிப்ட் எப்பங்க வுடுவாங்க?"

அவர் சொன்னார்.

"மேல போற கடைசி பஸ்ஸு அதுக்கு முந்தியே போயிடுங்க மேடம்."

"ஹாஸ்டல் கேட்டு எழுதிப் போடு. ஆனா எப்ப தொறப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் கீழ யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

எங்களுக்குக் கீழே யாரும் இல்லை. எங்கள் ஊரில் ஒருவரை மட்டும் பிரித்து விட்டுவிட்டு வருகிற பழக்கமும் கிடையாது. ஆண்கள் போவார்கள், அது வேறு. பெண்பிள்ளை என்றால் தோட்ட வேலைக்குக்கூடக் குடும்பமாகத்தான் போவோம். சட்டி, பானை, கோழி எல்லாம் கூடவே வரும். கீழே போன பஸ் சாயங்காலம் ஆளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

பின்னாலிருந்து வடக்கனந்தல் அம்மாள் குரல் கேட்டது. எப்போது எழுந்து வந்தாரோ தெரியாது.

"இதுக்கா யோசன பண்ணிகினு நிக்கறீங்க? எங்கூட அனுப்புக்கா. எம் பொண்ணும் அதே சாயங்கால கிளாஸுதான, ரெண்டும் ஒண்ணா போய்ட்டு ஒண்ணா வரட்டும்."

பேராசிரியை, "அட, நல்லதா போச்சே" என்றார்.

எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது. அவர் நிறுத்தவில்லை.

"பின்னாடி மாட்டுக்கொட்டாய் பக்கத்துல ஒரு ஓலச் சார்ப்பு கெடக்குது, அதுல படுத்துக்கட்டும். காலைல சும்மாதான இருக்கும்? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, வாசலக் கூட்டினா போதும். சோத்துக்கு நானாச்சி."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். வேண்டாம் என்றோ, சரி என்றோ, படுக்க வேறு இடம் கொடுங்கள் என்றோ. அந்த அம்மாள் உண்மையான அன்போடுதான் சிரித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"வரலாறே குடுங்க மேடம்" என்றாள் மகள்.

"நல்லா யோசிச்சிக்கோம்மா. மூணு வருஷம்."

"வரலாறே போதுங்க."

பேராசிரியை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இப்ப வரலாறு போட்டுக்கலாம். கணக்கு எடத்த நாளைக்கு காலைல வரைக்கும் யாருக்கும் குடுக்க வேணாம்னு நான் சொல்லி வெக்கறேன். மனசு மாறினா வந்து சொல்லு. நாளைக்கு வரலைன்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"இன்னாக்கா, நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?" என்று வடக்கனந்தல் அம்மாள் என் கையைப் பிடித்துக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. வாழைப்பழம் கையில் கறுத்துப்போயிருந்தது.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? வாசல் கூட்டிகினு கணக்கு படிக்க சொல்றியா?"

"அந்தம்மா நல்ல மனசோடதான் சொன்னாங்க."

"தெரியும்மா. அதான் சண்டகூட போட முடியல."

லாரி உடைந்து நின்ற வளைவில் செங்கல் துண்டுகள் இன்னும் கிடந்தன. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கரியாலூரில் இறங்கினால்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே நின்று அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டேன்.

"இன்னா பாடம் கெடச்சிது?"

"வரலாறு."

"கணக்கு இல்லியா?"

"சாயங்காலத்துலதான் இருக்குதாம். பஸ்ஸு இல்ல."

அவர் பக்கம் மழை பெய்யும் சத்தம் கேட்டது. "சரி, எதுவோ ஒண்ணு. வூட்டுக்கு வந்து சேர்ற மாதிரி இருந்தா சரி" என்றார். போனை மகளிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவள் அழுவாள் என்றார். அவள் அழவில்லை. கொஞ்ச தூரம் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் நடந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காபிக்கொட்டை பறிக்கச் சட்டி பானையோடு குடும்பமாகப் போகிறோம். படிப்புக்கு அப்படிப் போனால் என்ன? நானும் கீழே வந்து எங்கேயாவது கூலிக்குப் போகலாம், கரும்பு வெட்டலாம், ஓர் அறை பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் இருக்கலாம். மேசைக்கு முன்னால் நின்றபோது வராத யோசனை அந்தக் காட்டுப் பாதையில் வந்தது. வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டே சொன்னேன்.

அவள் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"ஆட்ட யாரு பாக்கறது?"

"சித்தப்பா வூட்டுல வுடலாம்."

"மரவள்ளிக்கு களை?"

நான் விறகை அடுப்புக்குள் தள்ளினேன்.

"அப்பா வரப்ப வூடு பூட்டிக் கெடந்தா?"

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு விடை வைத்திருந்தது மாதிரி இருந்தது. அந்த விடையை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாளோ, என்னை மறிப்பதற்காகத்தான் கேட்டாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில், "வரலாறும் படிப்புதாம்மா, வுடு" என்றாள். நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ் நேரத்துக்கே வந்து போனது. நாங்கள் மரவள்ளிக்குக் களை எடுத்தோம்.