பஸ்ஸில் கொண்டுபோன வெள்ளைத் தூள்

2008 தீபாவளி சீசன். சிவகாசி பஸ்ஸில் என் மடியில் ஒரு சீசா இருந்தது. உள்ளே, மரக்கூழிலிருந்து ஆறு மாதம் பாடுபட்டுப் பிரித்த செல்லுலோஸ் நுண்ணிழை, வெள்ளைத் தூளாக. ஈரம் பட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பு சுருங்கிவிடும். அந்தப் பரப்பை அளந்து தரம் பார்க்கத்தான் ஒரு கல்லூரிக்குக் கொண்டுபோனேன்.

டிக்கெட் கொடுத்த கண்டக்டர் சீசாவைப் பார்த்தார். "என்ன சார், வெடிமருந்தா?"

"வெறும் மர நாருங்க. நைசாக நைசாக மேற்பரப்பு கூடும். அதான் இதோட தரம்."

பெருமையாகத்தான் சொன்னேன். பஸ்ஸில் பாதிப் பேர் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். தூள் எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகத் தீப்பிடிக்கும் என்று தெரிந்தவர்கள்.

"தண்ணிய ஊத்துங்கண்ணே," என்று பின்னாலிருந்து ஒருவர் கண்டக்டரிடம் பாட்டிலை நீட்டினார்.

சீசாவை இறுகப் பொத்திக்கொண்டேன். "ஊத்தினா என் ஆறு மாச வேலை போச்சுங்க. இது வெடிக்காது."

"வெடிக்காதுன்னு சொன்னவுக எல்லாம் இப்ப இருக்காகளா சார்?" என்றார் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை.

எதிர்வரிசைப் பெண், நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருந்த தன் குழந்தையைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்துவிட்டு, எனக்கும் குழந்தைக்கும் நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

நானே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, சிவகாசிக்கு முந்தின ஊரான திருத்தங்கலுக்கு முன்பே இறங்கி, வெயிலில் நடந்தேன்.

கல்லூரியில் எடுத்த அளவு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. அந்த எண்ணை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும், அந்தப் பெண் நகர்ந்து உட்கார்ந்ததுதான் முதலில் ஞாபகம் வருகிறது.