பின்னிணைப்பில் ஒரு பெயர்

எம்.ஏ. கடைசி வருஷம் நான் எழுதிய ஆய்வேட்டின் முதல் வரைவில் அவள் பெயர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஒரு குத்தகைப் பெண்" என்று மட்டும்தான் இருந்தது. ஓரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே ஏரிக்குக் கீழே அறுபது சென்ட் நிலத்தைப் பன்னிரண்டு வருஷமாகப் பயிரிட்டு வந்தவள் அவள். நிலம் ஊர் மணியக்காரருடையது. பத்திரம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். குத்தகைக்காரர் பெயர் ஏதாவது காகிதத்தில் ஏறிவிட்டால் பிறகு சட்டப்படி அவரை லேசில் வெளியேற்ற முடியாது. அதனால் அவள் பெயர் எதிலும் ஏறாமல் மணியக்காரர் பார்த்துக்கொண்டார். அதைத்தான் எழுதியிருந்தேன். ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்பு எனக்கு.

பேராசிரியர் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் கிறுக்கியிருந்தார்.

"யாரும்மா இது? பேர் இல்ல, சர்வே நம்பர் இல்ல. இது ஆய்வா, வாரப் பத்திரிகைக் கதையா? பின்னிணைப்புல பட்டியல் போட்டு எடுத்துட்டு வா."

வயல் வரப்பில் ஒரு நாளும் கால் வைக்காத மனிதர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எனக்கு விஷயம் தெரியும். தெரிந்தேதான் போனேன். முதல் வகுப்பு வாங்கியே தீர வேண்டும் என்ற வெறி, வேறென்ன.

அவள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"பேரா? எதுக்கு பாப்பா?"

"காலேஜுக்குத்தான்க்கா. அங்க யாரு பாக்கப்போறாங்க."

"மணியக்காரர் காதுக்குப் போவாதே?"

"போவாதுக்கா."

"அப்போ எய்திக்கோ. நீ படிச்ச பொண்ணு, உனுக்குத் தெரியாததா" என்று மறுபடி குனிந்துகொண்டாள்.

படப்பையில் டைப் அடிக்கக் கொடுத்து, நான்கு பிரதிகள் பைண்டு போட்டு வாங்கினேன். மூன்று கல்லூரிக்கு. நாலாவது, ஊர்க் கணக்குகளைப் பார்க்கவிட்ட மணியக்காரருக்கு. உதவி செய்தவருக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுப்பதுதானே எங்கள் பக்கத்து மரியாதை. கொடுக்கும்போது அந்தப் பட்டியல் ஞாபகத்துக்கே வரவில்லை என்றால் நம்புவீர்களா? நானே நம்புவதில்லை. அட்டையில் என் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவள்.

அவர் முன்பக்கங்களைத் தொடவே இல்லை. நேராகக் கடைசிக்குப் போய், பெயர், சர்வே எண், பயிர், எத்தனை வருஷம் என்று விரல் வைத்து வாசித்தார்.

"பரவால்லயே. ஒண்ணு விடாம எழுதிட்டியே" என்றார்.

மறுநாள் அவளுடைய நடவின் மேல் டிராக்டர் ஓடியது. பன்னிரண்டு வருஷம் அரை நாளில் சேறாகிவிட்டது.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எல்லா புக்குலயும் என் பேரை அடிச்சிக் காட்டுனா நெலத்தை வுட்டுர்றேன்னு சொல்றாரு. அடிச்சிடேன் பாப்பா."

"முடியாதுக்கா. காலேஜுக்குப் போயிடுச்சி" என்றேன்.

சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு கடைசிவரை கூலி வேலைதான் அவளுக்கு. அடித்துக் காட்டியிருந்தாலும் அந்த ஆள் நிலத்தைத் தந்திருக்க மாட்டார் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று பிரதிகளும் அப்போது உள்ளே என் டிரங்குப் பெட்டியில் இருந்தன. திங்கட்கிழமைதான் கல்லூரிக்கு எடுத்துப் போனேன்.