நின்றிருந்த ரயிலில் அண்ணன் உறங்கிய பிற்பகல்

அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்து, எங்களோடு இலையில் அமர்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் எடுத்துச் செல்லும் உங்கள் எல்லாருக்கும் அவருடைய ஒரே தங்கையாகிய என் வணக்கம்.

நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று சிலர் அன்போடு சொன்னார்கள். அண்ணன் குடித்த காலத்தையும் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டால் அவர் குடியை நிறுத்தியதை எழுத இடமில்லாமல் போய்விடும். எழுதியதை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். "எழுதுங்க. பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார்.

அண்ணன் தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தார். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார், அம்மா புல் வெட்டும் வேலைக்குப் போனார். அப்பா காய்ச்சலில் தவறியதும் அண்ணன் பள்ளியை விட்டு, அப்பா வெட்டிய அதே மரங்களை வெட்டப் போனார். என் படிப்பை மட்டும் நிறுத்த விடவில்லை. பரீட்சை நாட்களில் என் பள்ளிச் சீருடைக்கு அவரே இஸ்திரி போடுவார். மடிப்பு கோணலாக விழும். நான் குறை சொல்வேன். ஒரு வார்த்தை பேசாமல் மறுபடியும் போடுவார்.

தோட்டம் கைமாறி, வீடுகள் கட்டுவதற்காக மரங்களைச் சாய்த்தபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அண்ணனுக்கு ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. பெரும்பாலும் இரவு வேலை. தைப்பிங்குக்குப் பக்கத்துக் கமுந்திங்கில் பெண் எடுத்தார். தர்ஷினி பிறந்தாள், சில ஆண்டுகள் கழித்துக் கவின் பிறந்தான். அந்த ஆண்டுகளில்தான், வேலை முடிந்த காலை நேரத்தில் கூட்டாளிகளோடு குடிக்கும் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. அண்ணி பொறுத்துப் பார்த்தார், பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனார். அதில் அண்ணி மீது குற்றமே இல்லை. இதை அண்ணனே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் முன் அவர்களுடைய தாயைப் பற்றி ஒரு குறைச்சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

அவர்கள் போன பிறகு அண்ணன் குடியை விட்டார். எளிதாக விடவில்லை. மருத்துவமனைக்கு நடந்தார், கோயிலுக்கு நடந்தார், கூட்டாளிகள் உட்காரும் கடை இருந்த தெருவையே தவிர்த்து வேறு வழியாக வீட்டுக்கு வந்தார். விட்டதை நம்பத்தான் ஆள் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்திருந்தார்கள். ஒரு முறை, தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மின்ரயிலில் கூட்டிப் போவதாகத் தர்ஷினிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தாத்தாவோடு தைப்பிங் நிலையத்தில் நின்றாள். ரயில் வந்தது. அண்ணன் இறங்கவில்லை. இரவு வேலை முடித்து ஈப்போவில் நேரே ஏறியவர் இருக்கையிலேயே தூங்கிவிட்டார். தைப்பிங்கைத் தாண்டி வெகுதூரம் போய், புக்கிட் மெர்தாஜாமில்தான் விழித்தார். அங்கிருந்து திரும்பிக் கமுந்திங் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "தூங்கிட்டேன் மாமா" என்றார். அண்ணியின் தகப்பனார், "எந்தக் கடையில தூங்குன?" என்று கேட்டார். தர்ஷினி சன்னலருகே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அண்ணன் யாரிடமும் அதை விளக்கப் போனதில்லை. தர்ஷினியும் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஆண்டு இறுதியில், பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள அண்ணன் அனுமதி கேட்டார். அண்ணியின் தகப்பனாரான பெரியவர், "நான் ஒண்ணும் சொல்லல. மூத்தது வாயால சொல்லட்டும், அனுப்புறோம். முடியாதுன்னு சொன்னா இனி அந்தப் பேச்சு வேணாம்" என்றார். அடுத்த ஞாயிறு பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகலாம், நான் உடன் போக வேண்டும், விளக்கு வைக்கும் முன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வேண்டும், வந்ததும் தர்ஷினி பதில் சொல்வாள் என்று முடிவாயிற்று.

எங்கே போவது என்று கேட்டதற்குக் கவின்தான் ரயில் மியூசியம் என்றான். அப்போது அவனுக்கு ரயில்தான் உலகம். எனக்கு மனம் ஒப்பவில்லை. "அண்ணே, ரயில் வேணாம். அவளுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும்" என்றேன்.

"வரட்டும்லா. மறைச்சு வச்சா மட்டும் மறந்துருவாளா?"

சனிக்கிழமை இரவு வேலைக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. காலையில் வேலை முடிந்து, குளித்து, கறுப்புக் கோப்பி ஒன்றைக் குடித்துவிட்டு என் காரில் ஏறினார். வழி முழுக்கத் தூங்காமலிருக்கச் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே வந்தார். கமுந்திங்கில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மியூசியத்துக்குப் போனோம்.

மியூசியம் என்பது பழைய தண்டவாளத்தின் மேல் தகரக் கூரை போட்ட இடம். நீராவி எஞ்சின் ஒன்றும், மரப்பெட்டிகள் சிலவும் நின்றன. கவின் கையை உதறிக்கொண்டு ஓடினான். தர்ஷினி எனக்குப் பின்னாலேயே நடந்தாள். அண்ணன் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி நீட்டினார். "வேணாம்." அது உருகி அவர் விரலில் வழிந்தது, கவின் வந்து வாங்கிக்கொண்டான்.

"உள்ள ஏறிப் பாப்போமா, தர்ஷினி?"

"ஓடாத ரயில்ல ஏறி என்னா செய்றது?"

அண்ணன் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

பிற்பகலில் கவினுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. நான் அழைத்துப் போனேன். தர்ஷினி கைகாட்டி மரத்தின் நெம்புகோல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன், "நான் இங்க உக்காந்திருக்கேன்" என்று மூன்றாம் வகுப்புப் பெட்டியின் மரப்பலகையைக் காட்டினார். நாங்கள் திரும்பி வந்தபோது சன்னல் சட்டத்தில் தலை சாய்ந்து, வாய் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார்.

தர்ஷினி பெட்டியின் அந்தக் கோடியில் ஏறிக்கொண்டிருந்தாள். "அண்ணே! எந்திரிங்க அண்ணே!" தோளைப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. அந்த நேரத்தில் ஒரு தாய் தன் பிள்ளைகளோடு பெட்டிக்குள் வந்தார். அண்ணனைப் பார்த்தார், பிள்ளைகளின் தோளைத் தொட்டுத் திருப்பினார். "வாங்க வாங்க, அந்தப் பக்கம் போவோம்." குடித்துக் கிடக்கிறார் என்று அவர் நினைத்ததைத் தர்ஷினியும் கவனித்துவிட்டாள்.

"அக்கா, அப்பா செத்துட்டாரா?" என்றான் கவின்.

"வாய மூடுடா. தூங்குறாரு."

நான் மறுபடியும் உலுக்கப் போனேன். "எழுப்பாதீங்க அத்தை" என்று என் கையைப் பிடித்தாள். பிறகு குனிந்து, அப்பாவின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். அவர் குடித்த காலத்தில், அந்த வீட்டில், சின்ன வயதிலேயே அவள் கற்றுக்கொண்டது அது. நிமிர்ந்து யோசித்தாள். இன்னொரு முறை குனிந்து மோந்தாள். பக்கத்தில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து அதையும் மோந்து பார்த்தாள். அண்ணன் குடித்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் பிள்ளை தேடுகிறாள், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது எனக்குத் தெரியாது.

"கோப்பி வாடைதான்" என்றாள். "நேத்து ராத்திரி வேலையா?"

"ஆமாம்மா. காலையிலதான் முடிஞ்சது."

"தூங்கலயா?"

"குளிச்சிட்டு நேரா வந்துட்டாரு."

போத்தலை மூடிப் பலகையில் வைத்தாள். "அன்னைக்கும் இப்படித்தானா அத்தை?"

"அன்னைக்கும் ராத்திரி வேலைதான்."

அவள் எதிர்ப்பலகையில் உட்கார்ந்தாள். மூடும் நேரம் நெருங்கியதும் காவலாளி வந்தார். அப்பா இரவு வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று மலாயில் அவளே கேட்டாள். அவர் மற்றக் கதவுகளைப் பூட்டப் போனார். வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் முன் கமுந்திங் போய்ச் சேர வேண்டும். எழுப்பவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

எங்கோ ஒரு இரும்புக் கதவு சாத்தும் ஓசை கேட்டது. அண்ணன் துள்ளி எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்து, மேல்மூச்சு வாங்க, "தைப்பிங் தாண்டிருச்சா? தாண்டிருச்சா?" என்றார்.

தர்ஷினி எழுந்துபோய் அவர் முழங்கையைப் பிடித்தாள். "தாண்டலப்பா. உக்காருங்க. இன்னும் தாண்டல."

வீட்டு வாசலில் பெரியவர் நின்றிருந்தார். பின்னால் அண்ணி. காரை விட்டு இறங்கியதுமே கவின், "தாத்தா, அப்பா ரயில்ல தூங்கிட்டாரு! எழுப்பினாலும் எந்திரிக்கல!" என்று கத்தினான்.

"கேட்டியா?" என்று பெரியவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். "பட்டப்பகல்ல மாபோக். குடிச்சிட்டுக் கிடந்திருக்கான்."

அண்ணன் இரும்புக் கேட்டுக்கு வெளியே தலை குனிந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி பேசினாள்.

"இல்ல தாத்தா. நான் மோந்து பாத்தேன். வாயும் பாத்தேன், போத்தலும் பாத்தேன். ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போயிட்டுத் தூங்காம வந்திருக்காரு." பிறகு அண்ணியிடம், "அம்மா, லீவுக்கு நான் போறேன். கவினும் வாரான்" என்றாள்.

பெரியவர் தாமே போய்க் கேட்டைத் திறந்தார். "உள்ள வாங்க. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அதுவரை அவர் அண்ணனைப் பன்மையில் அழைத்து நான் கேட்டதில்லை.

அதன்பின் வந்த பள்ளி விடுமுறைகளில் எல்லாம் பிள்ளைகள் அண்ணனோடு இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் முன்கூட்டியே பகல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய குடி ஈரலில் செய்திருந்த கெடுதல் பிறகுதான் வெளியே தெரிந்தது. கடைசி வாரங்கள் ஈப்போ மருத்துவமனையில் கழிந்தன. அண்ணி பிள்ளைகளோடு தவறாமல் வந்தார். அண்ணன் அமைதியாகப் போனார்.

வார்டில் அன்போடு பார்த்துக்கொண்ட தாதியர்களுக்கும், இரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், காரியம் முடியும் வரை சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. கவினின் கையைப் பிடித்துக் கொள்ளிக்குடத்தோடு சுற்றி வரச் செய்த பெரியவருக்கும், எல்லாவற்றுக்கும் முன்னின்ற அண்ணிக்கும் நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் போதா.

தர்ஷினி, உனக்குத் தனியாக. அப்பாவை அன்று அப்படி மோந்து பார்த்ததை நினைத்து நீ அழுததாக அம்மா சொன்னார். நீ அழ வேண்டாம். அன்றிரவு ஈப்போவுக்குத் திரும்பும்போது காரில் உன் அப்பா என்னிடம் கேட்டார்: "நெசமாவே மோந்து பாத்தாளா?"

"ஆமாண்ணே. ரெண்டு தடவ."

"போத்தலும்?"

"போத்தலும்."

"நல்லதா போச்சு" என்றார். "நான் ஆயிரம் தடவ சொல்லியிருந்தாலும் வேலைக்காகாது. அவளே பாத்துட்டா." பிறகு வீடு வரும்வரை, உங்கள் இருவருக்கும் படுக்கையை அறையின் எந்தப் பக்கம் போடுவது என்று என்னோடு வாதாடிக்கொண்டே வந்தார்.